சனிக்கிழமை பின்னேரத்துக் கரம்

வணக்கம் நேயர்களே.

உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார். வயது முப்பது, நாற்பது இருக்கும். காலி வீதியில் போகிற 100, 101 பஸ்களை பல்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் கை காட்டினால் அவரும் காட்டுவார். சின்ன வயதில் விசேட கல்விப் பிரிவுக்குப் போனவர். பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு? பிறகு அந்தப் பல்கனிதான்.

எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்களை நான் சொல்லவில்லை, அது வேறு. புதிதாக ஒன்றை விளங்கிக்கொள்ள, காசு எண்ண, பஸ் மாறி ஏற, கூடவோ குறையவோ வாழ்நாள் முழுக்க ஆள்துணை தேவைப்படுகிற, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடுகிறோம். சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை. ஓய்வுபெற்ற ரீச்சர்மார், ஒரு வங்கி ஊழியர், ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸ் பார்த்திருக்கிற இரண்டு பிள்ளைகள், அதோடு நான். பிளேன்ரீ, பிஸ்கட், பாட்டு, கரம். “என்ன படிப்பிக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். ஒன்றும் படிப்பிக்கவில்லை. நீங்கள் கூட்டாளிமாரோடு கோல்பேசுக்குப் போவது படிக்கவா?

கரம் என்றதும் ஒரு கதை. சிவப்புக் காயைப் போட்டால் அடுத்த அடியிலேயே சொந்தக் காய் ஒன்றையும் போட வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும், தெரியும்தானே. ஒரு தம்பிக்குக் கடையில் மிச்சக் காசு பார்க்க வராது. ஆனால் இந்த விதியில் ஒருவரும் அவரை ஏமாற்ற முடியாது. ஒருநாள் அவர் சிவப்பைப் போட்டார், அடுத்த அடி தவறிவிட்டது. சிவப்பு நடுவுக்கு வந்தது. என் முறை. லேசான அடி. பாவம், வெல்லட்டும் என்று வேண்டுமென்றே பிழையாக அடிக்கப் போனேன். அவர் பலகைக்கு மேலே கையை வைத்து மறித்துவிட்டார். “அன்ரி, சும்மா விட வேண்டாம். ஒழுங்கா அடியுங்கோ.”

அடித்தேன். வென்றேன். பிளேன்ரீ குடித்து முடியும் வரை அவர் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த கிழமை எனக்கு முன்னரே வந்து, பலகைக்குப் பவுடர் போட்டுவிட்டு இருந்தார். பாவம் பார்த்தேன் என்று சொன்னேனே, அந்தப் பாவம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

இதைச் சொன்னால் மற்றதையும் சொல்லத்தான் வேண்டும். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் சாப்பாடு கொடுக்கலாமா என்று போன் வரும். நல்ல மனம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வருகிறவர்கள் எங்கள் ஆட்களை வரிசையில் நிறுத்துவார்கள், பார்சல் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், அரை மணித்தியாலத்தில் போய்விடுவார்கள். ஒருவரின் பெயரும் கேட்பதில்லை. இப்போது நான் ஒரே பதில்தான் சொல்கிறேன்: பார்சல் வேண்டாம், இருந்து ஒரு கேம் ஆடிவிட்டுப் போங்கள். பாதிப்பேர் திரும்ப எடுப்பதில்லை. மற்றப் பாதியில் இரண்டு பேர் இன்றைக்கும் சனிக்கிழமைகளில் வருகிறார்கள்.

இது நாங்கள் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. இங்கிலாந்தில் இப்படிப்பட்டவர்களுக்காக இயங்குகிற மென்கப் அமைப்பின் கேட்வே பொழுதுபோக்குக் கிளப்புகள் 1966இல் தொடங்கியவை, அங்கேயும் தொண்டர்கள்தான் தூண். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை பொழுதுபோக்கையும் விளையாட்டையும் உரிமை என்றே சொல்கிறது. இலங்கை 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. உரிமை, நேயர்களே. தானம் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். ஆட்டோக் காசு பற்றியும், “எங்களுக்குப் பிறகு யார்?” என்று கேட்கிற அம்மாமார் பற்றியும் எழுதி வைத்த இரண்டு தாள் அப்படியே கையில் இருக்கிறது. சரி, ஒன்று மட்டும். உங்கள் தெருப் பல்கனிக்காரரின் பெயரை இன்றைக்கே கேளுங்கள். வீட்டில் கரம் பலகை இருந்தால் தூசி தட்டி வையுங்கள். அவர் வந்தால் ஒழுங்காக அடியுங்கள்.

வணக்கம்.