பிறக்கும் முன்பே ஓர் அறுவை சிகிச்சை

நேயர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் சில சமயம் குழந்தையின் முதுகுத்தண்டு ஓரிடத்தில் மூடாமல் இருப்பது தெரியவரும். ஸ்பைனா பிஃபிடா என்பார்கள். கரு உண்டான முதல் நான்கு வாரங்களில், கர்ப்பம் என்றே பல பெண்களுக்குத் தெரியாத நாட்களில், ஏற்பட்டுவிடும் குறை இது. மூடாத இடத்தில் தண்டுவடம் வெளியே தெரியும். பனிக்குட நீர் மாதக்கணக்கில் பட்டுப்பட்டு அதன் நரம்புகள் மேலும் கெடும். தண்டுவட நீர் கசிவதால் பின்மூளை கீழே இறங்கும். தலையில் நீர் கோத்துக்கொள்ளும். பிறந்த பிறகு தைத்து மூடலாம். ஆனால் செத்த நரம்பு திரும்பி வராது.

சரி, முன்கூட்டியே மூடினால் என்ன?

தாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றையும் கருப்பையையும் திறப்பார்கள். குழந்தையை வெளியே எடுப்பதில்லை. முதுகு மட்டும் அந்தத் திறப்புக்கு நேராக வரும்படி திருப்பிக்கொள்வார்கள். அதன் எடை அப்போது அரைக் கிலோதான் இருக்கும். வலி தெரியாமலும் அசையாமலும் இருக்கக் குழந்தைக்கும் தனியாக ஊசி உண்டு. தோல் அவ்வளவு மெல்லியது, நூலை இழுக்கும்போது கை கொஞ்சம் தவறினாலும் கிழிந்துவிடும். தைத்து முடித்ததும், வெளியேறிய நீருக்குப் பதிலாக வெதுவெதுப்பான உப்புநீரை நிரப்பிக் கருப்பையை மூடுவார்கள். அப்புறம் குழந்தை உள்ளேயே வளரும்.

பலன் உண்டா என்று அமெரிக்காவில் முறைப்படி ஒப்பிட்டுப் பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். தலையில் கோத்த நீரை வடிக்க, ஒரு வயதுக்குள் குழாய் பொருத்தவேண்டி வந்தது, பிறந்தபின் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 82 சதவீதத்தினருக்கு. கருவிலேயே சிகிச்சை பெற்றவர்களில் 40 சதவீதத்தினருக்கு. இரண்டரை வயதில் பிடிமானமின்றி நடந்தவர்கள், பிறந்தபின் சிகிச்சை பெற்றவர்களில் 21 சதவீதம், கருவிலேயே சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் கருவில் சிகிச்சை பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வயதில் தனியாக நடக்கவில்லை என்பதையும் அதே எண்ணிக்கை சொல்கிறது. பத்திரிகைகளில் 'அதிசயம்' என்று வரும் செய்திகளில் இந்தப் பாதி காணாமல் போய்விடும்.

தாயும் அப்படித்தான் காணாமல் போகிறாள். மேசையில் கிடப்பவர்கள் இருவர். அதில் ஒருத்திக்கு நோயே இல்லை. குழந்தைக்காகத் தன் வயிற்றைத் திறக்கச் சம்மதிக்கிறாள். பனிக்குடம் முன்னதாகவே உடையலாம், குறைப்பிரசவம் ஆகலாம். அந்த ஆய்வில் கருவிலேயே சிகிச்சை பெற்ற குழந்தைகள் சராசரியாக 34-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டன. கருப்பையில் விழுந்த தழும்பு பிரசவ வலியில் பிரியும் ஆபத்து இருப்பதால், இந்தப் பிரசவம் மட்டுமல்ல, இனி வரும் ஒவ்வொரு பிரசவமும் வலி எடுக்கும் முன்பே சிசேரியன்தான். சிறு துளைகள் வழியாகச் செய்யும் முறையும் வந்திருக்கிறது. அதில் தழும்பு பற்றிய கவலை குறைவு, பனிக்குடம் உடையும் கவலை நீங்கவில்லை.

ஆகவே, வேண்டாம் என்று சொல்லும் தாயை யாரும் கல்நெஞ்சக்காரி என்று பேசக்கூடாது. வேண்டும் என்பவர், அடுத்த பிரசவம் எப்படி இருக்கும் என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளட்டும்.