வெற்றுப் போர்டோடு மீட்டிங் தொடங்காதீர்கள்

(திரையில்: வெள்ளைப் போர்டு. ஆறு கர்சர்கள் அங்கும் இங்கும் அலைகின்றன. ஒட்டுச்சீட்டு போன்ற நோட் ஒன்றுகூட இல்லை.)

வணக்கம். ஆளுக்கொரு ஊரில் இருந்து ஆறு பேர் வீடியோ காலில் இருக்கிறார்கள், ஒருவர் எல்லாரும் ஒன்றாக எழுதக்கூடிய ஆன்லைன் ஒயிட்போர்டைத் திறந்து "எல்லாரும் உங்க ஐடியாவைப் போடுங்க" என்கிறார், கர்சர்கள் சும்மா சுற்றுகின்றன, கடைசியில் வழக்கமாகப் பேசுகிறவரே பேசி முடிக்கிறார். இதற்கு போர்டே தேவையில்லை, வீடியோ கால் மட்டும் போதும்.

போர்டை நான் திறப்பது ஒரே காரணத்துக்காகத்தான். பேசும்போது ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், எழுதும்போது ஆறு பேரும் சேர்ந்தே எழுதலாம். மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஸ்ட்ரோப என்ற இரண்டு உளவியலாளர்கள் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், கூடிப் பேசி யோசித்தவர்களைவிடத் தனித்தனியாக யோசித்தவர்களிடம் இருந்துதான் நிறைய யோசனைகள் வந்தன. அடுத்தவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பதே முக்கியக் காரணம் என்றார்கள். அந்தக் காத்திருப்பு போர்டில் கிடையாது, ஆனால் நாம் வாயை மூடிக்கொண்டு எழுதினால் மட்டும்.

(திரையில்: ஆறு ஃப்ரேம்கள், அதாவது கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மூலையில் டைமர்.)

அதற்கு 1968-லேயே ஒரு முறை வந்துவிட்டது. பேர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் சொன்ன 6-3-5: ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். நேரம் முடிந்ததும் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டு, தன்னிடம் வந்த தாளில் இருப்பதைப் படித்து அதன்மேல் இன்னும் மூன்று எழுத வேண்டும். ஆறு சுற்று, அரை மணி நேரம், 108 யோசனைகள். போர்டில் தாளுக்குப் பதில் ஃப்ரேம், அவ்வளவுதான், டைமர் அடித்ததும் ஒவ்வொருவரும் அடுத்த ஃப்ரேமுக்கு நகர வேண்டும். எல்லாமே உருப்படியாக இருக்காது, பரவாயில்லை, பேசவே தயங்குகிற ஒருவர் எழுதியது மேலே வந்துவிட்டால் அந்த அரை மணி நேரத்துக்கு அதுவே போதும்.

இதையெல்லாம் மீட்டிங்குக்கு முந்தைய நாளே தயார் செய்துவிடுங்கள். கேள்வியை மேலே பெரிதாக எழுதி, ஃப்ரேம்களைப் போட்டு, தலைப்புகளை லாக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒரு நோட்டை இழுக்கப்போய் முழு ஃப்ரேமும் கூடவே போய்விடும். புதியவர்களுக்கு ஜூம் செய்வது, நோட் போடுவது இரண்டையும் இரண்டு நிமிடம் பழக்கிவிடுங்கள். கைபேசியில் வருகிறவருக்கு, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பான் வைத்திருப்பவருக்கு போர்டு உண்மையிலேயே கஷ்டம், அவர்கள் சாட்டில் எழுதட்டும், நீங்கள் எடுத்து ஒட்டுங்கள்.

சரி, எந்தச் செயலி? மிரோ, மியூரல், ஃபிக்ஜாம் எல்லாவற்றிலும் டைமரும் வாக்கெடுப்பும் உண்டு. கணக்கே தொடங்காமல் உடனே ஒரு படம் வரைய எக்ஸ்காலிட்ரா போதும். எதை எடுத்தாலும் லிங்க் அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள், அதை வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று இருக்கிறதா, பார்க்க மட்டுமா என்று.

(திரையில்: நோட்கள் குவியல் குவியலாக நகர்கின்றன. மூன்றின் மேல் வாக்குப் புள்ளிகள்.)

எழுதி முடித்த பிறகுதான் பேச்சு. ஒரே மாதிரி நோட்களைச் சேர்த்து வைத்து, வாக்கு போட்டு, மேலே வந்த இரண்டு மூன்றை மட்டும் பேசுங்கள். அப்புறம் முடிவு என்ன, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்பதை போர்டுக்கு வெளியே, குழு தினமும் பார்க்கிற இடத்தில் எழுதுங்கள். போர்டையும் பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். கூகுளின் ஒயிட்போர்டு செயலியான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-ஓடு மூடப்பட்டது, அதில் வேலை செய்து வந்த குழுக்கள் வேறு இடத்துக்கு மாற வேண்டியிருந்தது.