நரி விரட்டும் நேரம்

வணக்கம். காரைக்குடிப் பக்கத்தில் முப்பது வருஷம் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்றைக்கு, தூங்குகிற முகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசப் போகிறேன்.

போன பங்குனியில் பேத்தி பிறந்தாள். பதினொன்றாம் நாள் மதியம், வளவில் சேலைத் தொட்டில் கட்டிப் போட்டிருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, ஆத்தங்குடிக் கல் தரை மட்டும் ஜில்லென்று இருக்கிறது. பிள்ளை நன்றாகத் தூங்குகிறது. திடீரென்று இடது பக்கத்து உதடு மட்டும் மேலே போனது. ஒரே ஒரு கன்னத்தில் சிரிப்பு! எட்டிப் பார்ப்பதற்குள் மறைந்துவிட்டது. அப்புறம் புருவம் சுருங்கியது, உதடு பிதுங்கியது, அழப் போகிறாள் என்று கையை நீட்டினேன். அதுவும் மறைந்துவிட்டது.

சிரிப்பைப் பார்த்த மருமகள், "வயிற்றில் வாயு மாமா" என்றாள். தூணில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆத்தாவுக்கு எண்பத்தைந்து வயது. "வாயுமில்ல, ஒண்ணுமில்ல. நரி விரட்டுது" என்றார்கள். நரி பூவைக் காட்டினால் பிள்ளை சிரிக்குமாம், பூவைப் பிடுங்கினால் அழுமாம்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, கைக்கடிகாரத்தோடு தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மதியம்! "பச்சப் பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிறியாடா?" என்று ஆத்தா கேட்டார்கள். கேட்கட்டும். நோட்டில் இருந்தது இதுதான்: பால் குடித்த கையோடு தூங்கினாலும் சரி, பசி வருகிற நேரமானாலும் சரி, மூடிய இமைக்குள் கண் ஓடும்போதுதான் சிரிப்பு வந்தது. அசையாமல் ஆழ்ந்து தூங்கும்போது வரவில்லை. வாயு என்றால் இமைக்குள் கண் ஓடும் வரைக்குமா காத்திருக்கும்?

இந்தக் கண் ஓட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் கிளைட்மனும், தூக்கத்தில் கண்கள் வேகமாக ஓடும் ஒரு கட்டம் உண்டு என்று எழுதினார்கள். அசெரின்ஸ்கி முதலில் உட்கார்ந்து பார்த்தது தூங்குகிற குழந்தைகளைத்தான். நம்மைப் போலவே! அப்புறம் தன் எட்டு வயது மகன் தலையில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தார். பெரியவர்கள் தூக்கத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் இந்தக் கட்டம். பச்சைக் குழந்தைக்குப் பாதிக்குப் பாதி. குழந்தை தூங்குவதோ ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம். நரிக்கு வேலை அதிகம்தான்.

அப்படியானால் பேத்திக்குச் சந்தோஷமா? இல்லை என்றுதான் சொல்வேன். அந்த வயதுச் சிரிப்பு மூளையின் அடித்தண்டிலிருந்து தானாகக் கிளம்புவது என்பதே பரவலான கருத்து. குறைமாதப் பிள்ளைகளும் சிரிக்கும். ஜப்பானில் சிம்பன்சிக் குட்டிகளையும் பார்த்திருக்கிறார்கள், அவையும் தூக்கத்தில் சிரிக்கின்றன. யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை, முகம் தன் தசைகளை ஓட்டிப் பார்க்கிறது.

நம்மைப் பார்த்துச் சிரிப்பது ஆறேழு வாரம் கழித்துத்தான். சார்லஸ் டார்வினும் தன் மூத்த மகனை வைத்து இப்படி நோட்டுப் போட்டவர். 1877இல் அதை வெளியிட்டார். நாற்பத்தைந்தாம் நாள்தான் மெய்யான சிரிப்பு, கண் பளிச்சிட்டது என்று எழுதினார். என் நோட்டை மூடும்போது ஆத்தாவிடம் இதைச் சொன்னேன். "அது முகம் பார்த்துச் சிரிக்கிறதுடா. இது நரி விரட்டுறது. ரெண்டும் ஒண்ணா?" என்றார்கள். பாருங்கள், ரெண்டு சிரிப்புக்கும் ரெண்டு பேர் வைத்திருக்கிறார்கள்! நான் மூன்று மதியம் உட்கார்ந்து கண்டுபிடித்தது, தொட்டில் ஆட்டியவர்கள் வாயில் எப்போதோ இருந்திருக்கிறது. நரி எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும்தான் எனக்கும் ஆத்தாவுக்கும் தகராறு.

பெரியவர்களும் தூக்கத்தில் சிரிப்பது உண்டு, அதை விரிவாகச் சொல்ல... ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண் ஓடும் அந்தக் கட்டத்தில்தான் கனவும் அதிகம் வரும். அப்போது முகம் துடித்தாலும் கை கால் தசைகள் தளர்ந்து கிடக்கும். சிலருக்கு, அதிலும் ஐம்பது தாண்டிய ஆண்களில் சிலருக்கு, அந்தத் தளர்ச்சி விட்டுப்போகிறது. கனவில் நடப்பதற்கு ஏற்றபடி சத்தமாகச் சிரிப்பார்கள், கத்துவார்கள், உதைப்பார்கள். எப்போதோ ஒரு நாள் சிரிப்பது பெரிய விஷயமில்லை. அடிக்கடி கை கால் வீசுகிறவரை நரம்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பார்க்கின்சன் நோய்க்கு இது பல வருஷம் முன்னாலேயே வருகிற அறிகுறியாக இருக்கலாம். போகும்போது செல்போனில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்துக்கொண்டு போனால் நல்லது, ஏனென்றால் காலையில் கேட்டால் அவர் "நான் எங்கே கத்தினேன்?" என்பார். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.