யார் செய்த பாவம்?

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளையும், முதுகை நிமிர்த்த முடியாத பெரியவர்களையும் பார்த்திருப்பீர்கள். காரணம் பாறையிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் கலக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். காரணம் இவ்வளவு தெளிவாக இருந்தும், கால் வளைந்த பிள்ளையைப் பார்த்ததும் "என்ன பாவம் பண்ணினாங்களோ" என்கிறது ஊர். கிறிஸ்தவக் குடும்பங்களில் அதையே முன்னோர் சாபம் என்பார்கள்.

இதே கேள்வியைத்தான் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டிச் சீடர்கள் இயேசுவிடம் கேட்டார்கள்: இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா? யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரம். இரண்டும் இல்லை என்றார் இயேசு. சொன்ன கையோடு, உமிழ்நீரால் சேறு உண்டாக்கி அவர் கண்ணில் பூசி, சிலோவாம் குளத்தில் கழுவி வரச் சொன்னார். பழி யார்மேல் என்ற பேச்சு அங்கே நின்றது, வேலை தொடங்கியது. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் ஒதுக்குவது விசுவாசத்துக்கு வெளியே உள்ள காரியம் இல்லை.

ஆனால் ஒருமுறை வளைந்த எலும்பு நல்ல தண்ணீர் குடித்தால் நேராகிவிடாது. மருந்துக்கு அடங்காத வலி உண்டு. மண்ணுக்குள் போன பிள்ளை திரும்பி வராது. அங்கே "ஏன்" என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கடவுளிடமே கேட்கலாம். சிலுவையில் தொங்கியபோது இயேசுவே கேட்டார்: "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அது பைபிளில் உள்ள ஜெபப் பாட்டுகளில் ஒன்றான 22ஆம் திருப்பாடலின் முதல் வரி. முறையிடுவது விசுவாசக் குறைவு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு வேகிறவர்கள் நம் பங்குகளில் அதிகம். அவர்களுக்கு 13ஆம் திருப்பாடலைச் சொல்லுவேன். ஆறே வசனம். முதல் இரண்டில் "இன்னும் எத்தனை நாள்" என்று நான்கு முறை கேட்கிறது. அடுத்த இரண்டு, என்னைப் பாரும், பதில் தாரும் என்ற மன்றாட்டு. கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். தடுக்கி விழுவது இங்கேதான்: ஐந்தாம் வசனத்துக்கு அவசரமாகத் தாவுகிறோம், அல்லது நோயாளியைத் தாவச் சொல்லுகிறோம். முதல் இரண்டு வசனத்திலேயே வாரக்கணக்கில் நின்றாலும் தவறில்லை. எத்தனை நாள் என்ற இடத்தில் உங்கள் வலியின் பெயரைச் சொல்லுங்கள்: இந்த டயாலிசிஸ் எத்தனை நாள், இந்தக் கடன் எத்தனை நாள். 88ஆம் திருப்பாடல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை ஜெபம் என்றுதான் வைத்திருக்கிறது.

இயேசு அந்த வலிக்குள் வந்து இருந்தார் என்பதுதான் நம் விசுவாசம். உயிர்த்த பிறகும் ஆணித் தழும்பு அவர் கையில் இருந்தது. அதனால்தான் தம் வலியை அவருடைய பாடுகளோடு சேர்த்து இன்னாருக்காக என்று ஒப்புக்கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பொதுவாக ஒப்புக்கொடுப்பதைவிட, பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போன மகனுக்காக, பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவருக்காக என்று பெயர் சொல்லி ஒப்புக்கொடுங்கள். இது நோயாளி தாமாகச் செய்ய வேண்டியது. சுகமாக இருக்கிற நாம் அவருக்கு உத்தரவிடக் கூடாது. வலி மாத்திரையை மறுப்பதும் இதற்கு அவசியமில்லை. குடித்துவிட்டு அடிக்கிற கணவனைச் சகிப்பதைச் சிலுவை என்று ஒரு பெண்ணிடம் சொல்லவே சொல்லாதீர்கள். தடுக்க முடிந்த கொடுமையைத் தடுக்க வேண்டும். 181 என்ற உதவி எண் அதற்குத்தான் இருக்கிறது.

நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் பற்றியும் சொல்ல வேண்டும். அவஸ்தைப்பூசுதல், அதாவது சாகும் நேரத்துப் பூசுதல் என்று பழகிய பயத்தில், நினைவு தப்பிய பிறகுதான் பல வீடுகளில் சாமியாரைக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் நோயாளியால் பாவசங்கீர்த்தனம் செய்யவோ, நன்மை (நற்கருணை) வாங்கவோ, "ஆமென்" என்று சொல்லவோ முடியாமல் போய்விடுகிறது. இது சாகிற நேரத்துக்கு மட்டுமான அருளடையாளம் அல்ல என்பதை கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே தெளிவாக்கியது. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும், முதுமையில் உடல் தளரும்போதும் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) மெழுகுத்திரியும் வைத்தால் போதும். குரு நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடாதீர்கள், அவர்களும் கட்டிலருகே நின்று ஜெபிக்கட்டும்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்தார்கள். அதுவரை சரியாகவே செய்தார்கள். வாயைத் திறந்து, நீ ஏதோ தவறு செய்திருப்பாய் என்று காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் கடவுளின் கோபம் முறையிட்ட யோபுமேல் இல்லை, அந்த நண்பர்கள்மேல்தான். "நல்லவங்களைத்தான் ஆண்டவர் சோதிப்பார்", "இதைவிட மோசமா நடக்காம போச்சே" என்ற இரண்டையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். கடைக்குப் போய் அரிசி வாங்கி வாருங்கள், மாட்டுக்குத் தீவனம் போடுங்கள், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்குப் படுங்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிவிடும். நீங்கள் அதற்கடுத்த வாரம் போங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.