நிற்கும் வேலையும் புடைக்கும் சிரைகளும்

தோழர்களே, வலது கையை அரை நிமிடம் தொங்கவிடுங்கள். புறங்கையில் சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள், புடைக்கின்றன, அல்லவா? இப்போது தலைக்கு மேலே தூக்குங்கள். வடிந்துவிடும். சிரையின் சுவர் மெல்லியது. அழுத்தம் சற்றுக் கூடினாலும் விரிந்துகொடுக்கும். உடம்பின் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது.

ஒல்லியானவர்களுக்கும் முதியவர்களுக்கும் தோலடிக் கொழுப்பு குறைவு. சிரை பளிச்செனத் தெரியும். வெயிலில் தோலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். பளு தூக்கினால், பருத்த தசை சிரையை மேலே தள்ளும். இவை நோயல்ல.

கால் கதை வேறு. அசையாமல் நிற்கும்போது பாதச் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடந்தால் கெண்டைக்கால் தசை சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலேற்றும். அழுத்தம் 30-க்கு அருகில் இறங்கும். ஏறிய ரத்தம் திரும்பாமல் தடுப்பவை சிரைக்குள் இருக்கும் வால்வுகள். மணிக்கணக்கில் நின்றால் சிரை விரியும். விரிந்தால் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடா. ரத்தம் கீழே கசியும், அடுத்த வால்வின்மேல் பாரம் ஏறும், அதுவும் கெடும். இப்படித்தான் சிரைகள் புடைத்துச் சுருண்டுபோகும் வெரிகோஸ் வருகிறது. பரம்பரையும் கர்ப்பகாலமும் இதற்குத் துணைபோகும்.

கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த இருக்கை உங்கள் உரிமை, தயங்காமல் உட்காருங்கள். ஆனால் காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்தாலும் ரத்தம் தேங்கும். அரை மணிக்கொரு தடவை குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குங்கள். இரவில் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறையைக் காலையில் வீக்கம் ஏறும் முன்பே போட வேண்டும். மாலையில் வீங்கிய காலில் அளவெடுத்து வாங்கினால் அது தளர்ந்து பயனற்றுப் போகும். இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு உள்ளவர்களுக்கு இந்தக் காலுறையே ஆபத்து. ஆகவே டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

உள்கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரித்தால், புண்ணாகும்வரை காத்திருக்காதீர்கள். ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எந்த வால்வு கசிகிறது என்று காட்டிவிடும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் தசைக்குள் ஆழத்தில் ஓடும் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீறிட்டால் பதறி மேலே கயிறு கட்டாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்திலேயே பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் அழுத்தியபடியே 108-ஐ அழையுங்கள்.