தவளைக்குக் குளம் வெளியே, ஆமைக்குக் குளம் முட்டைக்குள்ளே

[காட்சி: ஈரமண்ணில் வயிறு பதிய உட்கார்ந்திருக்கும் தவளை, மிக நெருக்கத்தில்]

இந்தத் தவளை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. தவளைகள் வாயால் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் மெல்லிய தோல், அதன் கீழே நெருக்கமாக ரத்த நாளங்கள். அந்த இடத்தை ஈரத்தில் பதித்து வைத்தால் நீர் தானாக உள்ளே ஏறும்.

மூச்சும் இந்தத் தோல் வழியாகப் போய் வருகிறது. தோல்மேல் இருக்கும் ஈரத்தில் ஆக்சிஜன் கரைந்து ரத்தத்துக்குப் போகிறது. தவளையின் உறவான, வாலுள்ள சாலமாண்டர்களில் ஒரு குடும்பத்துக்கு நுரையீரலே கிடையாது. அதில் 400 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. எல்லாமே தோலாலும் வாயின் உட்புறத்தாலும் மட்டும் சுவாசித்து வாழ்கின்றன!

நீர் உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழியும்தான். வெயிலில் தவளை வேகமாக வற்றிவிடும். சோப்பு, கொசு விரட்டி, பூச்சிக்கொல்லி எதுவானாலும் தடையில்லாமல் உடலுக்குள் போகும். தவளையைக் கையில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் கையைச் சோப்பில்லாமல் நன்றாகக் கழுவி, ஈரத்தோடு எடுங்கள். சில நொடிகளில் விட்டுவிடுங்கள்.

[காட்சி: நுண்ணோக்கியில் தோல் செல்களுக்குள் வளரும் பூஞ்சை]

கைட்ரிட் பூஞ்சை தாக்குவதும் இந்தத் தோலைத்தான். 1999-இல் அறிவியல் உலகம் இதற்குப் பெயரிட்டது. நீரில் நீந்தும் வித்துகளாக வந்து, கெரட்டின் (நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் புரதம்) உள்ள தோலுக்குள் புகுந்துகொள்ளும். தலைப்பிரட்டையின் உடம்பில் கெரட்டின் இருப்பது வாயில் மட்டும், அதனால் அது பெரும்பாலும் பிழைத்து நோயைச் சுமந்துகொண்டு திரியும். அதே உயிர் தவளையாக மாறி உடம்பெல்லாம் தோல் தடித்ததும் பூஞ்சை எங்கும் பரவுகிறது. தோலால் உப்புகளைப் பிடித்து வைக்க முடியாமல் போய், ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. 2019-இல் வெளியான கணக்கின்படி தவளை, சாலமாண்டர் போன்ற இருவாழ்விகளில் 501 இனங்கள் இதனால் சரிந்தன, அவற்றில் 90 அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. ஒரே நோய் முதுகெலும்பிகளில் இத்தனை இனங்களைக் கொண்டுபோனதாக வேறு பதிவு இல்லை. ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும்போது காலணியின் சேற்றைத் தேய்த்துக் கழுவி முழுக்க உலர்த்தச் சொல்வது இதற்காகத்தான். சேறு ஒட்டியிருந்தால் கிருமிநாசினி ஊற்றியும் பயனில்லை.

தலைப்பிரட்டை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. முன்னங்கால்கள் வெளியே வந்ததும் தொட்டியில் சரிவாக ஒரு கல் வையுங்கள். அந்தச் சில நாட்களில் செவுள் மறைந்து நுரையீரல் வேலையை ஏற்கிறது. ஏறி உட்கார இடமில்லாவிட்டால் குட்டித் தவளை மூழ்கிச் சாகும். அப்போது அது சாப்பிடாவிட்டாலும் கவலை வேண்டாம். வாயும் குடலும் மாறிக்கொண்டிருக்கின்றன. கரையும் வால்தான் அதற்கு உணவு.

[காட்சி: மணலில் குழி, வெள்ளை உருண்டைகளாக ஆமை முட்டைகள்]

இனி ஊர்வன. பல்லி, பாம்பு, ஆமை, முதலை, நியூசிலாந்தில் மட்டும் மிஞ்சியிருக்கும் துவட்டாரா, எல்லாம் சேர்த்து 12,000 இனங்களுக்கு மேல். செதில் மூடிய தோல் நீரை விடாது. தவளையின் முட்டைக்கு ஓடு இல்லை, வெறும் கூழ்தான், காய்ந்தால் போச்சு. ஊர்வனவோ குளத்தையே முட்டைக்குள் வைத்துவிட்டன. தாய் வயிற்றில் நமக்கு இருந்த அதே பனிக்குடம் இங்கே ஓட்டுக்குள் இருக்கிறது. கரு அதில் மிதக்கிறது. பக்கத்தில் மஞ்சள் கரு, கழிவுக்குத் தனிப் பை, காற்றுக்கு ஓட்டின் நுண்துளைகள்.

ஆனால் பறவை முட்டையைப் போல இதைத் திருப்பக் கூடாது. கோழி முட்டையில் மஞ்சள் கருவை இருபுறமும் முறுக்கிய கயிறு போன்ற இழைகள் தாங்கும். ஆமை முட்டையில் அவை இல்லை. கரு மேலே மிதந்து வந்து ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் வெளியிலிருந்தே சுண்ணாம்பு தடவியது போல வெளுத்துத் தெரியும். அதற்குப் பிறகு முட்டையை உருட்டினால் சவ்வு கிழிந்து கரு இறந்துவிடும். கடலாமை முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுபவர்கள் இட்ட சில மணி நேரத்துக்குள், மேல்பக்கம் மேலாகவே வைத்து எடுப்பதற்கு இதுதான் காரணம். பங்குனி ஆமைக்குச் சுமார் 45 செ.மீ. ஆழத்தில், கழுத்து குறுகி அடி அகன்ற குழி வேண்டும்.

குட்டி ஆணா பெண்ணா என்பதை அந்த மணலின் வெப்பம் முடிவுசெய்கிறது. ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸில் இரண்டும் கலந்து வரும். அதைவிடக் குளிர்ந்தால் ஆண், சூடேறினால் பெண். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் வடபகுதியிலிருந்து வரும் பச்சை ஆமைகளில், இளசுகளில் 99 சதவீதம் பெண் என்று 2018-இல் வெளியான ஆய்வு கண்டது. மணல் சூடேறாமலிருக்கப் பொரிப்பகத்தில் நிழல்வலை கட்டுகிறவர்கள் நாட்களைக் கவனிக்க வேண்டும்: பாலினம் முடிவாவது அடைகாலத்தின் நடுவிலுள்ள மூன்றில் ஒரு பங்கில். குழி 50 நாளில் பொரியும் என்றால், தோராயமாக 17-ஆம் நாளிலிருந்து 33-ஆம் நாள்வரை. குட்டி வெளிவரும் வாரத்தில் கட்டும் வலை பாலினத்தை மாற்றாது.