சொட்டுகிற வால்வை அடைக்காதீர்கள்

நேயர்களே, வணக்கம். கீசர் சூடேறச் சூடேற, அடியில் இருக்கும் சின்னப் பித்தளை வால்வு சொட்டும், பார்த்திருப்பீர்கள். "வால்வு போச்சு" என்று எம்-சீல் அப்பி அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. செய்யவே கூடாத வேலை அது.

தண்ணீர் சூடானால் பெருகும். 25 லிட்டர் கீசரில் 25 டிகிரித் தண்ணீர் 65 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 400 மில்லி கூடும். இரண்டு டம்ளர்! எங்கே போகும்? அந்தக் காலத்துச் செம்பு பாய்லரில் நடுவில் கரி எரியும். மேலே புனலில் பச்சைத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, மூக்கு வழியே வெந்நீர் வரும். புனல் திறந்தே கிடக்கும். பிரஷர் என்ற பேச்சே கிடையாது.

இப்போது பிரஷர் பம்ப் வைக்கிறோம். வழியில் ஒருவழித் தடுப்பு. பல கீசர்களில் அந்தப் பித்தளை வால்வுக்குள்ளேயே அது இருக்கும். தண்ணீர் திரும்பிப் போக முடியாது, அமுக்கினாலும் சுருங்காது. அழுத்தம் 8 பார் வாக்கில் ஏறியதும் வால்வு திறந்து சொட்டுகிறது. சொட்டுவதுதான் அதன் வேலை, திரும்பவும் சொல்கிறேன். ஆனால் தினமும் கீசரின் டேங்க் அவ்வளவு விம்மித் தணிந்தால் வெல்டு தாங்குமா? போர்வெல் உப்பு படிந்து வால்வு இறுகிவிட்டால்?

அதற்குத்தான் எக்ஸ்பான்ஷன் டேங்க். உள்ளே ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். அந்த இரண்டு டம்ளரும் ரப்பரைத் தள்ளிக்கொண்டு நுழையும், காற்று சுருங்கி இடம் கொடுக்கும். 25 லிட்டர் கீசருக்கு 2 லிட்டர் டேங்க் தாராளம். கடைசி ஒருவழித் தடுப்புக்கும் கீசருக்கும் நடுவே, 'T' வடிவ பைப் இணைப்பு போட்டு மாட்டவேண்டும். இடையில் மூடுகிற வால்வு எதுவும் வேண்டாம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டால் காப்பாற்றுவது பித்தளை வால்வுதான், அதைக் கழற்றிவிடாதீர்கள்.

காற்று எவ்வளவு? பம்ப் 2 பார் கொடுத்தால் டேங்கிலும் 2 பார், அதாவது 29 பி.எஸ்.ஐ. காற்றடிக்கும் வாய் பைக் டயர் வால்வு மாதிரியேதான் இருக்கும். கரண்டை அணைத்து, வரும் பைப்பை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு அளக்கவேண்டும். இல்லாவிட்டால் கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தை. ஊசியை அமுக்கினால் காற்றுக்குப் பதில் தண்ணீர் பீறிட்டதா? ரப்பர் கிழிந்துவிட்டது, மாற்றவேண்டியதுதான்.

சோலார் ஹீட்டரைப் பற்றியும் சொல்ல வந்தேன், நேரம் முடிந்துவிட்டது. ஒன்று மட்டும்: மாடியில் மேல்நோக்கி நிற்கும் அதன் காற்றுக் குழாயைத் துணி சுருட்டி அடைக்காதீர்கள். வணக்கம்.